புல் வெட்டியவர்களின் காடு

தாத்தாவோடு உட்கார்ந்து படம் பார்ப்பது கொஞ்சம் கஷ்டமான காரியம். எண்பத்து நான்கு வயது. சத்தம் பத்தலை என்பார், ஏற்றினால் காது வலிக்குது என்பார். ஆனால் 'கவ்பாய்' படம் என்றால் அசையாமல் உட்காருவார். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்துப் பழக்கம். ஜெய்சங்கர் நடித்த 'கங்கா'வை இன்றைக்கும் விடிய விடியப் பேசுவார். இங்கிலீஷ் கவ்பாய் படத்துக்கு வசனமே தேவையில்லை, குதிரையும் துப்பாக்கியும் போதும் என்பது அவர் கட்சி.

கெவின் காஸ்ட்னரின் 'ஹொரைசன்' 2024ல் வந்தது. நான்கு பாகமாக எடுக்கத் திட்டமிட்டு, சொந்தப் பணத்தைக் கொட்டி அவர் எடுத்த படத்தின் முதல் பாகம். மூன்று மணி நேரம். தீபாவளி லீவுக்கு ஜாசின் வீட்டுக்குப் போனபோது மடிக்கணினியை டிவியில் மாட்டிப் போட்டேன். படம் 1859ல், சான் பெட்ரோ பள்ளத்தாக்கில் தொடங்குகிறது. ஆற்றோரம் நிலத்தை அளக்க வந்தவர்கள் குச்சி அடிக்கிறார்கள். அவர்களில் ஒரு சின்னப் பையனும் இருக்கிறான். தூரத்திலிருந்து அப்பாச்சிகள் பார்க்கிறார்கள். இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அளக்க வந்தவர்கள் பிணமாகக் கிடக்கிறார்கள். அப்புறமும் ஆள் வருகிறது, கூடாரம் போடுகிறது, ஊர் முளைக்கிறது.

நான் சிவில் இன்ஜினியர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஐந்து வருடமாக இதே வேலை. சர்வேயர் வந்து பெக் அடித்துவிட்டுப் போன பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். சிவப்பு பெயின்ட் தடவிய அந்தக் கட்டையைப் பார்த்தால் எனக்கு ஒருவிதமான நிம்மதி வரும்; இனிமேல் இது காடு இல்லை, ஒரு வரைபடம் என்கிற நிம்மதி. அதனால் படத்தின் முதல் காட்சியே என் வயிற்றைப் பிசைந்தது. தாத்தாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வண்டிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும் இடத்தில் அவர் சொன்னார்: "இவனுங்களும் நம்மள மாதிரிதான்டா. காட்டுக்கு வந்து, காட்டை அழிச்சு, நாடாக்குனவனுங்க."

அந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! கல்யாண மண்டபத்தில், கோயில் திருவிழா மேடையில், தேர்தல் கூட்டத்தில், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியின் திறப்புரையில். நம் முன்னோர்கள் காட்டை அழித்து நாடாக்கினார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சுப்போட்டியில் நானே இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கி, ஒரு கோப்பையும் வாங்கி வந்தேன். அம்மா அதைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அதற்கு முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். மூன்றாம் படிவத்தில், ஏதோ ஒரு பந்து விளையாட்டுச் சண்டையில், ஒருத்தன் "பாலிக் இந்தியா" என்றான். இந்தியாவுக்கே திரும்பிப் போ. எனக்கு அப்போது இந்தியாவில் தெரிந்த ஒரே இடம் சன் டிவி. அழுகையும் கோபமுமாக நான் திருப்பிக் கத்தியது இந்த வாக்கியத்தைத்தான், அரைகுறை மலாயில். எங்க தாத்தா காட்டை வெட்டலேன்னா நீ இப்ப நிக்கிற இடமே கிடையாது என்று. அவன் வாயடைத்துப் போனான். அன்றைக்கு அந்த வாக்கியம் என்னைக் காப்பாற்றியது. அதைச் சந்தேகப்பட எனக்கு இவ்வளவு காலம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தாத்தா தூங்கப் போன பிறகு இன்னொரு படத்தையும் பார்த்தேன். 1962ல் வந்த 'ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்'. ஜான் ஃபோர்டு உட்பட மூன்று இயக்குநர்கள்; மூன்று கேமராக்களை ஒன்றாக வைத்து வளைந்த பெரிய திரைக்காக எடுத்த சினெராமா படம். சின்னத் திரையில் பார்த்தால் காட்சிக்குக் குறுக்கே இரண்டு ஒட்டுக்கோடு தெரியும். ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக மேற்கே போகிறது. ஆறு, போர், ரயில் பாதை, கொள்ளைக்காரர்கள். எனக்கு மறக்காதது அதன் முடிவு. குதிரை வண்டிக் காலம் முடிந்து, திடீரென்று வானத்திலிருந்து இன்றைய அமெரிக்கா: அணைக்கட்டு, லாஸ் ஏஞ்சலஸின் நான்கடுக்கு நெடுஞ்சாலைச் சந்திப்பு, சான் பிரான்சிஸ்கோவின் தொங்கு பாலம். இதற்காகத்தான் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள் என்று கான்கிரீட்டைக் காட்டி முடிக்கிறார்கள். ஓர் இன்ஜினியராகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம்தான் உறைத்தது, இது நம் மேடைப்பேச்சேதான் என்று. நம்மவர்கள் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைக் காட்டி முடிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும்போது தாத்தாவிடம் கேட்டேன். "தாத்தா, உங்கப்பா எந்தக் காட்டை வெட்டுனாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்கப்பா புல்லுல்லடா வெட்டுனாரு. அப்புறம் பால் மரம் வெட்டுனாரு."

கணக்கு போட்டுப் பார்த்தால் வேறெப்படியும் இருக்க முடியாது. பூட்டன் கங்காணியோடு கப்பல் ஏறியது 1930களில், இந்திய அரசு 1938ல் அந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்வதற்குக் கொஞ்சம் முன். மலாக்காவில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டது 1896ல். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி சொன்னதை நம்பி நட்டவர் அவர். அது முளைத்துப் பிழைத்த தைரியத்தில் லேடாங் மலையடிவாரத்தில் புக்கிட் ஆசாஹானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் எடுத்தார். அதாவது பூட்டன் வந்து இறங்கும்போது மலாக்காவில் ரப்பர் மரத்துக்கு முப்பது, நாற்பது வயது. அவருக்காக எந்தக் காடும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

அதற்கும் முன்னால்? இங்கேதான் எனக்கு இன்னொரு இடி. மலாக்காவின் உள்பகுதியில் ரப்பருக்கு முந்தைய பயிர் மரவள்ளி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சீன முதலாளிகள் சீனத் தொழிலாளர்களை வைத்துப் பெரும்பரப்பில் காட்டை வெட்டி மரவள்ளி போட்டார்கள். மண் சத்து போனதும் அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். புக்கிட் ஆசாஹானிலும் ரப்பர் மரவள்ளியோடு ஊடுபயிராகத்தான் தொடங்கியது. மற்ற மாநிலங்களிலும் பெருமரம் சாய்க்கிற வேலையைச் சீனக் குத்தகைக்காரர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் சாவாக்காரர்களுக்கும் கொடுப்பது பல தோட்டங்களில் வழக்கம். நம் ஆட்கள் செய்தது புல் வெட்டுவது, கால்வாய் தோண்டுவது, நடுவது, பால் எடுப்பது. ரயில் பாதையும் ரோடும் போட்டார்கள். மலேரியாவில் செத்தார்கள். (டான் சாய் யானே 1916ல் மலேரியாவில்தான் செத்தார். கொசு முதலாளி, தொழிலாளி பார்க்கவில்லை. ஆனால் கொய்னாவும் டாக்டரும் பார்த்தார்கள்.) நம்மவர்கள் காடே வெட்டவில்லை என்று நான் சொல்லவில்லை, வெட்டிய இடங்கள் உண்டு. ஆனால் மேடையில் கேட்கிற மாதிரி நாடு முழுக்க நாம்தான் கோடரியோடு நின்றோம் என்பது, எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, மலாக்காவைப் பொறுத்தவரை, சரியில்லை.

சரி, புல்லே வெட்டியதாக வைத்துக்கொள்வோம். அதனால் வாதம் செத்துவிடுமா? உழைப்பு உழைப்புதானே. அப்படித்தான் நானும் முதலில் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

உழைத்தவனுக்கு நிலம் என்கிற வாதம் பழசு. தத்துவத்தில் அதற்கு முகவரி ஜான் லாக், 1689ல் வெளிவந்த அவருடைய அரசாங்கம் பற்றிய நூல். பொதுவாகக் கிடக்கும் இயற்கையில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்கிறார். ஐரோப்பியர்கள் அமெரிக்காவுக்குப் போனபோது இந்த வாதம் கைக்கு வாகாகக் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் வேட்டையாடுகிறார்கள், வேலி போட்டு உழவில்லை, ஆகவே நிலம் சும்மா கிடக்கிறது. 1862ல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் இதன் அரசாங்கப் பதிப்பு: 160 ஏக்கரில் ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய், நிலம் உனக்கு. காஸ்ட்னரின் கதை அந்தச் சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதில் ஜனங்களை இழுத்து வருவது ஓர் அச்சடித்த விளம்பரத் தாள். ஆனால் அந்தத் தாளை நம்பியவர்களின் மனசில் இருந்தது இதே நியாயம்தான்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், மலாக்காவுக்கும் இப்படியொரு சட்டம் சொந்தமாக இருந்தது என்பது. 1870ல் மலாக்கா நிலம் பற்றிய சாரிப் எதிர் மிட்சல் என்ற வழக்கில் தலைமை நீதிபதி பென்சன் மேக்ஸ்வெல் பழைய மலாய் வழக்கத்தை விவரித்திருக்கிறார். காட்டை வெட்டித் திருத்திப் பயிர் செய்து, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆள்பவருக்குக் கொடுத்து வருகிறவனை நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது. மலாயில் திருத்திய நிலத்தை உயிருள்ள நிலம் என்பார்கள். கைவிட்ட நிலம் செத்த நிலம். எவ்வளவு அழகான வழக்கம்! அப்படியானால் ரப்பர் நிலத்துக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு ஏன் ஓர் அடி மண்கூடச் சேரவில்லை?

பதில் லாக்கிடமே இருக்கிறது, அதே பக்கத்தில். உழைப்பு சொத்தாகிறது என்பதற்கு அவர் உதாரணம் கொடுக்கிறார்: என் குதிரை மேய்ந்த புல், என் வேலைக்காரன் வெட்டிய மண், நான் தோண்டிய தாது, எல்லாமே என்னுடையதாகின்றன என்கிற பொருளில். இதை முதல் தடவை படித்தபோது நான் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இரண்டாம் தடவைதான் நின்றேன். வேலைக்காரனின் உழைப்பு எஜமானனின் உழைப்பு. அவன் பெயர் குதிரைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டன் புல் வெட்டியது இந்தக் கணக்கில் புல் வெட்டியது ஆகாது. கம்பெனி தன் கையை நீட்டியது, அவ்வளவுதான். கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது.

தாத்தாவின் ஒப்பீடு இங்கேதான் இடறுகிறது. 'ஹொரைசன்' படத்தில் வருகிறவர்கள் ஏழைகள், பாவப்பட்டவர்கள், பலர் சாகிறார்கள். ஆனாலும் அவர்கள் நிலத்துக்கு வந்தவர்கள். பிழைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு பத்திரம் இருக்கும். பூட்டன் வந்தது சம்பளத்துக்கு. பிழைத்தாலும் லயத்தில் ஒரு வீடு, அதுவும் வேலை இருக்கும் வரைக்கும்.

மலாயில் 'பெனரோக்கா' என்று ஒரு சொல் உண்டு. காட்டைத் திறந்து குடியேறும் முன்னோடி. இந்த நாட்டில் அந்தச் சொல் அதிகாரபூர்வமாக யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், 1956ல் தொடங்கிய பெல்டா திட்டத்தில் குடியேறியவர்களுக்கு. ஏறத்தாழ 10 ஏக்கர், வீட்டுமனை, கடன் அடைத்த பின் பட்டா. பெரும்பாலும் மலாய்க்காரர்கள், பகாங் லூரா பீலுட் போன்ற சில இடங்களில் தமிழர்களும் சீனர்களும் உண்டு. மலாக்காவில் ஹுத்தான் பெர்ச்சா, கெமெண்டோர் என்று பெல்டா நிலங்கள் இருக்கின்றன. என் நண்பன் ஒருத்தனின் தாத்தா பெனரோக்கா. என் தாத்தா பால்மரம் வெட்டியவர். இரண்டு பேரும் விடியற்காலையில் ஒரே மாதிரி எழுந்து, ஒரே மாதிரி கத்தி தீட்டி, ஒரே மாதிரி முதுகுவலியோடு படுத்தவர்கள். இதைச் சொல்லி அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது கிடைத்திருக்கக் கூடாது என்று வாதாட எனக்கு மனசில்லை. ஒரே வேலைக்கு இரண்டு பெயர் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் தலைவர்களுக்கும் இது தெரிந்தேயிருந்தது. ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதத் தவணையாகப் பங்குப் பணம் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பெரிய காரியம். ஆனால் அதற்குள் ஒரு கசப்பான ஒப்புதலும் இருக்கிறது. வியர்வையைக் காட்டி நிலம் கேட்க முடியாது, காசு கொடுத்துத்தான் வாங்க முடியும் என்பது அறுபது வருடம் முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. நாம்தான் இன்னும் மேடையில் வியர்வையைக் காட்டுகிறோம்.

எங்கள் தோட்டம் கைமாறியபோது எனக்கு ஒன்பது வயது. பெயரெல்லாம் வேண்டாம், கம்பெனி இன்னும் இருக்கிறது. சேவை வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். பாட்டி வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த முருங்கை, கறிவேப்பிலை, மூன்று தென்னை, இதற்கெல்லாம் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை. பாட்டி கறிவேப்பிலைக் கன்று ஒன்றை மைலோ டின்னில் பிடுங்கி வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். அது இப்போது ஜாசின் வீட்டு வாசலில் என்னைவிட உயரமாக நிற்கிறது. தோட்டம் முதலில் செம்பனையானது, அப்புறம் பாதி வீடமைப்புத் திட்டமானது. நான் இன்றைக்குக் கட்டுவதும் அதே மாதிரித் திட்டங்கள்தான்.

இதுவரைக்கும் எழுதியது எனக்கு வசதியான பாதி. நாம் ஏமாற்றப்பட்டவர்கள், அவர்கள் ஏமாற்றியவர்கள். அடுத்த பாதியை எழுதத்தான் தயக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன் அலோர் காஜா பக்கம் ஒரு சாலை வேலை. ஓரமாக ஒரு தெமுவான் கம்பம். மலாக்காவின் பூர்வகுடிகள் அவர்கள். தாத்தா அவர்களைச் 'சக்காய்' என்பார். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அடிமை, அடங்கிக் கிடப்பவன் என்ற வாடை உள்ள சொல் அது. நம்மை யாராவது 'கெலிங்' என்றால் போலீசில் புகார் கொடுக்கிறோம். (தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப வேற என்னன்னு கூப்புடுறது?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.)

பெக் அடித்த வரிசையைச் சரிபார்க்கப் போனபோது ஒரு பெரியவர் வந்து நின்றார். வயசு எழுபதுக்கு மேல் இருக்கும். எங்கள் பெக் ஒன்று நான்கைந்து டுரியான் மரங்களுக்கு நடுவில் விழுந்திருந்தது. அந்த மரங்கள் தன் பாட்டி வைத்தவை என்றார். நான் மரியாதையாகத்தான் பேசினேன். பாக், நான் சர்வேயர் இல்லை, ஆபீசில் சொல்கிறேன் என்றேன். எப்படியாவது அவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எங்களுக்கும் இப்படி ஆச்சு, எங்க தோட்டத்தை வித்தப்ப எங்களையும் வெளியே போகச் சொன்னாங்க என்றேன்.

"எந்தத் தோட்டம், ஆனே?"

சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. பெத்தாய் விற்க லயத்துக்கு வருவாராம், சின்னப் பையனாக. அப்புறம் இயல்பாக, குற்றம் சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்: அந்த மேட்டில் முன்பு அவர்கள் ஆட்கள் இருந்தார்கள், ரப்பர் வந்த பிறகு உள்ளே தள்ளிப் போனார்கள், பாட்டி சொல்வார், அங்கேயும் டுரியான் இருந்தது.

அவரிடம் காகிதம் இல்லை. என்னிடமும் இல்லை. ஆனால் நான் அந்த வினாடி நினைத்தது வெட்கமான விஷயம். இது உண்மையாக இருக்கக் கூடாதே என்றுதான் நினைத்தேன். உண்மையானால், 'பாலிக் இந்தியா' என்றவனிடம் நான் கத்திய வாக்கியத்தில் ஓர் ஓட்டை விழும். காட்டை அழித்தோம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறோமே, அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மிருகம் இருந்தது, மலேரியா இருந்தது என்போம். ஆள் இருந்ததாகச் சொல்வதில்லை. ஹாலிவுட்டாவது அப்பாச்சியைத் திரையில் காட்டிவிட்டுச் சுடுகிறது. காஸ்ட்னர் ஒரு படி மேலே போய், தாக்குதல் நடத்திய இளைஞனுக்கும் இனத்தின் மூத்தவருக்கும் நடக்கும் வாக்குவாதத்தையும் வைக்கிறார்; பிறகு அவசரமாக வண்டிகளுக்குத் திரும்பிவிடுகிறார். நம் கதையில் அந்த அவசரக் காட்சியும் கிடையாது.

சிலாங்கூரில் டெங்கில் பக்கம் புக்கிட் தம்போயில் நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கலாம். 1995ல் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காகத் தெமுவான்களின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரத்துக்கும் பயிருக்கும் காசு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கொடுக்கவில்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிச் சட்டப்படி அவர்கள் அரசின் விருப்பம் உள்ளவரை இருக்கலாம், நிலம் அவர்களுடையதல்ல என்பது வாதம். சாகோங் தாசியும் ஆறு பேரும் வழக்குப் போட்டார்கள். 2002ல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு நிலத்தின் மீதே உரிமை உண்டு என்றது. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் அது நின்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கோபால் ஸ்ரீராம். அவர்கள் காட்டை அழித்ததை நிரூபிக்கவில்லை. பல தலைமுறையாக அங்கேயே இருந்ததை நிரூபித்தார்கள்.

அந்த வழக்கைப் படித்துவிட்டு மரத்துக்குக் காசு, மண்ணுக்கு இல்லை என்ற இடத்தில் பாட்டியின் முருங்கை நினைவுக்கு வந்தது. உடனே அடுத்ததும் வந்தது: பாட்டியின் முருங்கை நின்ற மண்ணிலும் யாருடைய மரமோ நின்றிருக்கலாம்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது ஒருத்தன் கோபப்பட்டான். "டேய், நம்ம கையில இருக்கிறது அந்த ஒரு வாதம்தான். அதையும் நீயே உடைச்சிட்டா நாளைக்கு எதை வெச்சுப் பேசுறது?" நியாயமான கோபம். நான் சொன்னது இது, அன்றைக்கு இவ்வளவு கோர்வையாக இல்லை. அந்த வாதம் நமக்கு வேலை செய்யவே இல்லை. அது எஜமானனுக்காகச் செய்த வாதம். லாக் அதில் நமக்கு ஒதுக்கிய இடம் குதிரைக்குப் பக்கம். நாம் கேட்க வேண்டியது நிலத்தை வென்றவனின் பங்கை அல்ல. நமக்குப் பாக்கி இருக்கிறது. குறைந்த கூலி, காலி செய்யச் சொன்ன வீடு, படிக்க முடியாமல் போன இரண்டு தலைமுறை. அந்தப் பாக்கி இலாபம் பார்த்த கம்பெனிகளிடமும் வரி பார்த்த அரசாங்கத்திடமும் இருக்கிறது. அதைக் கேட்க நான் கோடரியைக் காட்ட வேண்டியதில்லை. சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும். அதைக் கேட்கும்போது தெமுவான் பெரியவரை நான் மிதிக்க வேண்டியதும் இல்லை.

'பாலிக் இந்தியா' என்றவனுக்கு? அவனுக்கு உழைப்புக் கணக்கே காட்டியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. காட்டினால், இருப்பதற்கு வாடகையாக வியர்வை கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிறது. நான் இங்கே பிறந்தவன், என் அம்மா இங்கே பிறந்தவர். ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்தாலும் எனக்கு இங்கே இருக்க உரிமை வேண்டும். இன்னொன்றும் யோசித்தேன். எங்கள் பழைய லயத்தில் கடைசியாகக் குடியிருந்தவர்கள் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள். பூட்டன் செய்த வேலையை, அதே வெயிலில், அவர்கள்தான் செம்பனையில் செய்கிறார்கள். வியர்வைதான் உரிமை என்றால் அவர்கள் வரிசையில் நமக்கு முன்னால் நிற்க வேண்டும். நம் ஆட்கள் அவர்களைப் பற்றிப் பேசுவதைக் காப்பிக்கடையில் கேட்டிருக்கிறேன். மூன்றாம் படிவத்தில் நான் கேட்டதற்கு ஒன்றும் குறைவில்லை.

என் நண்பன் முழுக்கச் சம்மதிக்கவில்லை. பாக்கி கேட்கிறவனைவிட உரிமை கேட்கிறவனுக்குத்தான் நாட்டில் மதிப்பு என்றான். அதிலும் உண்மை இருக்கிறது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வீரக்கதை வேண்டாமா என்றும் கேட்டான். எனக்கு அதற்குச் சுத்தமான பதில் இல்லை. தாத்தா நான்கு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போய், மழையில் நிரை மாற்றி வெட்டி, ஐந்து பிள்ளைகளை வளர்த்த கதை எனக்குப் போதும் என்றேன். "அது வீரக்கதை இல்லடா, அது கஷ்டக்கதை" என்றான்.

அந்தச் சாலை வேலைக்கு வருவோம். ஆபீசில் சொன்னேன். வரைபடத்தில் அந்த டுரியான் மரங்கள் எதுவும் இல்லை. நிலம் வெறும் பச்சையாக, புதர் என்று குறித்திருந்தது. நானே மறுபடி போய் ஒவ்வொரு மரத்துக்கும் இருப்பிடம் எடுத்து, அடிமரச் சுற்றளவு அளந்து, வரைபடத்தில் ஏற்றினேன். மொத்தம் ஐந்து மரம். பெரியவர் கூடவே நடந்து வந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் நல்ல டுரியான் மரத்துக்குப் பெயர் உண்டாம். அதையும் எழுதிக்கொண்டேன். வரைபடத்தில் அதற்கு இடம் இல்லை; மரம் 1, மரம் 2 என்றுதான் போக வேண்டும். மாற்றுத் தடத்துக்கு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். ஆறு மாதத்தில் எனக்கு வேறு திட்டத்துக்கு மாற்றல் வந்தது. குறிப்பு இன்னும் யாரோ ஒருவர் மேசையில் இருக்கிறது.

இந்தத் தடவை ஜாசினுக்குப் போனபோது தாத்தா 'ஹொரைசன்' இரண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று கேட்டார். வெனிஸ் விழாவில் காட்டினார்கள், தியேட்டருக்கு இன்னும் வரவில்லை என்றேன். அந்தப் பெரியவரைப் பற்றியும் சொன்னேன், தோட்டத்து மேட்டைப் பற்றியும். வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் மேட்டு நிரையில் பதினேழாவது மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டுரியான் நின்றது, யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது, பழம் விழுகிற காலத்தில் பால் எடுக்கிற வாளியில் போட்டு மறைத்துக் கொண்டு வருவோம் என்றார்.

"நல்லா இனிக்கும்டா அது" என்றார்.